'லேட்' என்று எழுதிவிட்டேன், அவர் உயிரோடு இருக்கிறார் – முன்பு இருந்ததைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

அகவல்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு தவறு செய்துவிட்டேன், அதைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் சங்கத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்தது. போன ஆண்டு வரை செயலாளராக இருந்து, வயது காரணமாக விலகிக்கொண்டவரைப் பற்றி அதில் ஒரு பத்தி. அவரை 'லேட் செக்ரட்டரி' என்று எழுதிவிட்டேன். அகராதியில் 'லேட்' என்ற சொல்லுக்கு 'அண்மைக் காலம் வரை பதவியில் இருந்த' என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது, அதை நம்பினேன். அறிக்கை அச்சாகி எல்லோருக்கும் போனது. அவருக்கும் ஒரு பிரதி போனது.

அவரே போன் செய்தார். கோபப்படவில்லை. "நான் போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறாயேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லையாம். மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

திருத்திய பதிப்பு போடப் போகிறோம். அந்த அறிக்கை முழுக்க முன்பு இருந்தவர்களும் முன்பு இருந்த அமைப்புகளும்தான். தமிழில் 'முன்னாள்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஆங்கிலத்தில் ஃபார்மர், எக்ஸ், பாஸ்ட், எர்ஸ்ட்வைல், ஒன்டைம், எமரிட்டஸ், டிஃபங்க்ட் என்று எத்தனையோ இருக்கின்றன. எதை எங்கே போடுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். இன்னொரு முறை யாரையும் நோகடிக்க எனக்கு மனமில்லை.

பிழைதிருத்தி:
அகவல், முதலில் ஒன்று. உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களின் முகப்பில் ஆசிரியர் பெயருக்குக் கீழே 'லேட் ஃபெலோ' என்று ஒரு கல்லூரியின் பெயரோடு அச்சிட்டிருப்பார்கள். அந்த ஆசிரியர் நல்ல உடல்நலத்தோடு இருந்திருப்பார், அந்தக் கல்லூரியில் அண்மைக் காலம் வரை இருந்தார் என்பதுதான் அதன் பொருள். 'லேட் ஆஃப்' என்று தொடங்கி ஓர் அலுவலகத்தின் பெயரைப் போட்டால் இன்றும் அந்தப் பொருள் வரும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மெதுவான' என்று பொருள். பிறகு 'தாமதமான', 'அண்மைக் காலத்திய' என்று விரிந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'அண்மையில் இறந்த' என்ற பொருளும் சேர்ந்தது. ஒருவரின் பெயருக்கோ பதவிக்கோ முன்னால் வந்தால் இன்று அந்தக் கடைசிப் பொருள்தான் படிப்பவர் மனதில் முதலில் வரும். அதனால் உயிரோடு இருப்பவருக்கு அது கூடவே கூடாது.

இறந்தவருக்குப் போடும்போதும் சில கவனங்கள் வேண்டும். 'லேட்' என்பது அண்மையில் இழந்தவர்களுக்கான சொல், அவரை நேரில் அறிந்தவர்கள் இன்னும் இருக்கும் காலம் வரை பொருந்தும். ஜூலியஸ் சீசருக்கு யாரும் 'லேட்' போடுவதில்லை. நம் பக்கத்து ஆங்கிலத்தில் 'லேட் மிஸ்டர்' என்று நேராகத் தொடங்கிவிடுகிறோம். பொது ஆங்கிலத்தில் அதற்கு முன் 'தி' வேண்டும். அப்புறம், 'விடோ' என்று எழுதிய இடத்தில் கணவர் பெயருக்கு முன் 'லேட்' வேண்டாம், அவர் இறந்துவிட்டதை அந்தச் சொல்லே சொல்லிவிட்டது.

ஒரு காலத்தின் பெயருக்கு முன்னால் வந்தால் கதையே வேறு. 'லேட் லத்தீன்' என்றால் செத்துப்போன லத்தீன் இல்லை, பிற்கால லத்தீன். மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி திருத்தும் இடம் இது.

தட்டச்சு:
எதற்கு இவ்வளவு சுற்று? எல்லா இடத்திலும் 'ஃபார்மர்' போட்டுவிட்டால் முடிந்தது. நான் 20 ஆண்டாக அப்படித்தான் கடிதம் அடிக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒற்றுமிகும்:
நம் எழுத்தில் ஃபார்மர் என்று பார்த்ததும் விவசாயி என்றுதான் படித்தேன்! இரண்டும் ஒரே மாதிரி விழுகிறது. இந்த இழையில் அந்தச் சொல் எங்கே வந்தாலும் 'முன்னாள்' என்று கொள்வோம்.

மருதம்:
தட்டச்சு அண்ணா சொல்வது பாதி சரி. சந்தேகம் வந்தால் ஃபார்மர் பாதுகாப்பான சொல். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தில் 'ஃபோர்மா' என்றால் முதலாவது. 'ஃபோர்' என்ற வேரோடு உறவுடையது. நம் 'முன்' எப்படி இடத்தில் முன்னால் இருப்பதையும் காலத்தில் முன்னால் இருந்ததையும் ஒரே சொல்லால் சொல்கிறதோ, அதுவும் அப்படியே. அதனால்தான் ஃபார்மருக்கு இரண்டு வேலை. இரண்டு பொருள்களைச் சொல்லிவிட்டு 'தி ஃபார்மர்' என்றால் முன்னது, 'தி லேட்டர்' என்றால் பின்னது. மூன்று பொருள்கள் இருந்தால் அந்த இணையைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது அறிக்கைக்கு வருவோம். ஃபார்மர் என்றால் முன்பு எப்போதோ அந்தப் பதவியில் இருந்தவர், அப்படிப் பத்துப் பேர்கூட இருக்கலாம். 'ப்ரீவியஸ்' என்றால் இப்போதிருப்பவருக்கு நேர் முன்னால் இருந்தவர், அவர் ஒருவர்தான். நம் முன்னாளுக்கும் முந்தையதுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. சங்கங்களில் 'பாஸ்ட் பிரசிடென்ட்' என்று ஒரு வழக்கு உண்டு. நேர் முன்னவரை 'இமீடியட் பாஸ்ட் பிரசிடென்ட்' என்பார்கள், பல சங்கங்களில் அவருக்குச் செயற்குழுவில் இடமும் இருக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது, நாளிதழ்களில் தினமும் பார்க்கிறேன். 'முன்னாள் அதிபர் நிக்சன் 1972இல் சீனா சென்றார்' என்று எழுதுகிறார்கள். 1972இல் அவர் முன்னாள் அதிபர் இல்லையே, பதவியில் இருந்த அதிபர். அங்கே 'தென் பிரசிடென்ட்' என்று எழுத வேண்டும், நமக்கு 'அப்போதைய அதிபர்'. ஒரு சொல்லில் ஒரு வரலாறே தவறாகிவிடுகிறது.

தட்டச்சு:
முந்தையவர், முன்னாள் வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை நான் கவனித்ததில்லை. ஆனால் ஃபார்மருக்கும் எக்ஸுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒன்றுதானே.

கடலோடி:
அந்த இடத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன் அண்ணா. பல நாட்டு மாலுமிகளோடு கப்பலில் இருந்தவன் நான். அமெரிக்கக் கடற்படைக் காலாள் பிரிவில், அதாவது மரைன்ஸில் இருந்த ஒருவரை 'எக்ஸ் மரைன்' என்று அழைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. அவர்களில் பலர் 'ஃபார்மர் மரைன்' என்பதைத்தான் ஏற்பார்கள். 'எக்ஸ்' என்றால் துரத்தப்பட்டவன் என்ற தொனி அவர்கள் காதில் விழுகிறது. ஒருமுறை மரைன் ஆனவன் என்றைக்கும் மரைன் என்பது அவர்கள் வாக்கு.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் 'வெளியே', 'இருந்து'. வெளியே வந்துவிட்டவர் என்ற வேர்ப்பொருள் இன்றும் அந்த முன்னொட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக 'மை எக்ஸ்' என்றால் பிரிந்துபோன துணை. 'எக்ஸ் கான்விக்ட்' என்றால் சிறையிலிருந்து வந்தவர். இப்படிப்பட்ட கூட்டாளிகளோடு பழகிய சொல்லை மதிப்புக்குரியவர் பெயரில் சேர்க்க எனக்குக் கை வராது.

பிழைதிருத்தி:
கடலோடி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. இந்திய ஆங்கிலத்தில் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்பது அரசு ஆவணங்களிலேயே உள்ள சொல், அதில் எந்தக் குறைவும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் படித்தவர்களின் சங்கத்துக்கே 'டெக்சாஸ் எக்ஸஸ்' என்று பெயர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தொனி சொல்லில் மட்டும் இல்லை, யார் யாரைச் சொல்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. நம் நாளிதழ்களில் வரும் 'மாஜி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாஜி மந்திரி' என்றாலும் 'முன்னாள் அமைச்சர்' என்றாலும் தகவல் ஒன்றுதான். ஆனால் ஒருவரை மேடையில் வரவேற்கும்போது மாஜி என்று அழைப்போமா?

எக்ஸில் எனக்குப் பெரிய சிக்கல் வேறு. அது எதோடு ஒட்டுகிறது என்பது தெரியாது. 'எக்ஸ் லேபர் மினிஸ்டர்' என்று ஒரு தலைப்பு. லேபர் கட்சியை விட்டுப் போன அமைச்சரா, அந்தக் கட்சியிலேயே இருந்துகொண்டு அமைச்சர் பதவி போனவரா, தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவரா? மூன்றும் வரலாம். அந்த மாதிரி இடங்களில் சொல்லைச் சுருக்காமல் நீட்டி எழுதுவதுதான் நேர்மை.

மருதம்:
ஃபார்மரும் அந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது ஐயா, அதுவும் ஐக்கிய நாடுகள் அவையிலேயே. யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த மாசிடோனியா 1993இல் உறுப்பு நாடானபோது, அந்தப் பெயருக்குக் கிரீஸ் எதிர்ப்புத் தெரிவித்ததால், 'தி ஃபார்மர் யுகோஸ்லாவ் ரிபப்ளிக் ஆஃப் மாசிடோனியா' என்ற பெயரில்தான் சேர்த்தார்கள். ஒரு நாடு தன் மேசைப் பலகையில் தான் முன்பு என்னவாக இருந்தது என்பதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முன்னாள் என்பது மாசிடோனியாவுக்கு இல்லை, யுகோஸ்லாவியக் குடியரசாக இருந்த நிலைக்குத்தான். 2018இல் கிரீஸோடு உடன்பாடு வந்து, 2019 பிப்ரவரியில் வட மாசிடோனியா என்று பெயர் மாறிய பிறகுதான் அந்தச் சொல் இறங்கியது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

அகவல்:
எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க என் தவறு எங்கே என்று புரிகிறது. முடிந்துபோனது எது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவருடைய பதவிக்காலம்தான் முடிந்தது. நான் ஆளையே முடித்துவிட்டேன்.

அடுத்த சந்தேகம். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் 'எர்ஸ்ட்வைல் செக்ரட்டரி' என்று போடச் சொல்கிறார். அதில் ஒரு கம்பீரம் இருக்கிறதாம். போடலாமா?

பனைநிழல்:
வேண்டாம் அக்கா. அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனாலேயே சொல்கிறேன்.

'எர்ஸ்ட்' என்பது 'ஏர்' என்ற பழைய சொல்லின் உச்சநிலை. ஏர் என்றால் முன், எர்ஸ்ட் என்றால் எல்லாவற்றுக்கும் முன். 'வைல்' என்றால் பொழுது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து இது வினையடையாகவே இருந்தது, 'முன்பு' என்ற பொருளில். பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தது 1900ஐ ஒட்டித்தான். ஆகப் பழமையான தோற்றம் இருந்தாலும் அந்தப் பயன்பாடு அவ்வளவு பழையது இல்லை.

இந்தியாவில் அது சமஸ்தானங்களோடு ஒட்டிக்கொண்டது. 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்ததிலிருந்து அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'எர்ஸ்ட்வைல்' வந்துவிடுகிறது. பிரிக்கப்பட்ட மாநிலம், மாவட்டம், இணைக்கப்பட்ட வங்கி எதற்கும் நம்மவர்கள் இயல்பாகப் போடுவார்கள். இங்கே அது உயிருள்ள சொல். ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ படிப்பவருக்கு அது ஏட்டுச் சொல். அது 'மதிப்புக்குரிய' என்று தவறாக நினைத்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. உங்கள் பெரியவர் கேட்கும் கம்பீரமும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். அமைப்புக்கு, ஆட்சிக்கு, எல்லைக்குப் போடுங்கள். ஓய்வுபெற்ற ஒரு நல்ல மனிதருக்கு வேண்டாம்.

இதன் உறவுக்காரச் சொல் ஒன்று, 'வைலம்'. பழைய ஆங்கிலத்தில் 'சில பொழுதுகளில்' என்று பொருள்பட்ட சொல், பிறகு 'முன்னொரு காலத்தில்' என்று ஆனது. 14ஆம் நூற்றாண்டுக் கதைப்பாடல்கள் அந்தச் சொல்லோடு தொடங்கும், நம் பாட்டி கதை தொடங்குவதைப் போலவே. பிறகு 'முன்னாள்' என்ற பொருளில் பெயருக்கு முன்னும் வந்தது. இப்போது யாரும் பேசுவதில்லை. முன்பு இருந்ததைச் சொல்ல வந்த சொல்லே முன்பு இருந்ததாகிவிட்டது. அதைப் பழைய பக்கங்களில் பார்க்கும்போதெல்லாம் சற்று நின்றுவிட்டுத்தான் போவேன்.

ஒற்றுமிகும்:
'குவான்டம்' என்று லத்தீனிலிருந்து வந்த ஒன்றும் இருக்கிறதே, அதே பொருளில்?

பனைநிழல்:
இருக்கிறது. 'முன்பொரு நேரம்' என்பது லத்தீன் பொருள். இயற்பியல் குவான்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. பழைய நண்பர், பழைய கூட்டாளி என்று எழுத்து நடையில் எப்போதாவது வரும். அறிக்கையில் தொடவே வேண்டாம்.

'சம்டைம்' என்பதிலும் கவனம். பழைய நடையில் பதவிக்கு முன் வந்தால் 'முன்பு அந்தப் பதவியில் இருந்த'. அமெரிக்க வழக்கில் 'அவ்வப்போது அதைச் செய்கிற' என்றும் பொருள். 'சம்டைம் ஆக்டர்' என்றால் நடிப்பை விட்டவரா, இடையிடையே நடிப்பவரா என்று தெரியாது. 's' எழுத்து ஒன்று கடைசியில் சேர்ந்தால் 'சில நேரங்களில்' என்ற வேறு சொல்.

மருதம்:
பேராசிரியர் யாராவது உங்கள் அறிக்கையில் இருந்தால் 'எமரிட்டஸ்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற எல்லோருக்கும் அதைப் போடக் கூடாது. அது தானாக வருவதில்லை, பொதுவாகப் பல்கலைக்கழகம் தர வேண்டும். லத்தீனில் 'எமரிட்டஸ்' என்றால் பணிக்காலத்தை முழுதாக முடித்து அதற்கான உரிமையைச் சம்பாதித்துக்கொண்ட படைவீரன். கி.மு. 25இல் அகஸ்டஸ் காலத்தில் அப்படிப்பட்ட வீரர்களைக் குடியமர்த்த ஸ்பெயினில் ஒரு நகரம் கட்டினார்கள், எமரிட்டா அகஸ்டா என்று பெயர். இன்றைய மெரிடா நகரம் அதுதான். 2013இல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது 'போப் எமரிட்டஸ்' என்று அழைக்கப்பட்டார். விலகிய பிறகும் மதிப்பு கூடவே வருகிறது என்பதை இந்த ஒரு சொல்தான் வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழில் 'தகைசால் பேராசிரியர்' என்கிறோம், அழகான ஆக்கம்.

தட்டச்சு:
அமைப்புகளுக்கு? எங்கள் அலுவலகக் கோப்பில் 'எக்ஸ்டிங்க்ட் கம்பெனி' என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிழைதிருத்தி:
நிறுவனத்துக்கு 'டிஃபங்க்ட்'. இயங்காமல் நின்றுபோனது. 'ஃபங்க்ஷன்' இருக்கும் அதே லத்தீன் வேர்தான், கடமையை முடித்துவிட்டது என்று பொருள். 'எக்ஸ்டிங்க்ட்' உயிரினத்துக்கும் எரிமலைக்கும். நெருப்பை அணைக்கும் வினையிலிருந்து வந்தது. கருவிக்கும் முறைக்கும் 'ஆப்ஸலீட்'. வழக்கொழிந்துகொண்டே இருக்கிறது, இன்னும் முழுதாகப் போகவில்லை என்றால் 'ஆப்ஸலெசென்ட்'.

சொற்களுக்கு மட்டும் அகராதிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மெரியம் வெப்ஸ்டரில் ஒரு சொல்லுக்கு 'ஆப்ஸலீட்' என்று குறி போட்டிருந்தால் 1755க்குப் பிறகு அது பயன்பட்டதற்குச் சான்று இல்லை என்று அர்த்தம். 'ஆர்க்கெய்க்' என்றால் முன்பு பரவலாக இருந்து இப்போது அங்கங்கே தலைகாட்டுவது. பனைநிழல் சொன்ன வைலம் இந்த இரண்டாவது வகை, இன்னும் மூச்சு இருக்கிறது.

தாழ்வாரம்:
தாமதமாக வந்திருக்கிறேன். எல்லோரும் அடைமொழிகளைப் பேசிவிட்டீர்கள். நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள், எனக்கு வினைதான் முக்கியம். 'யூஸ்ட் டு'.

இதில் வரும் 'யூஸ்' பயன்படுத்துவது இல்லை, வழக்கம். 'வழக்கமாகச் செய்வேன்' என்று நிகழ்காலத்திலும் ஒரு காலத்தில் சொன்னார்கள், அது போய்விட்டது. இறந்தகாலம் மட்டும் தங்கியது. 'ஐ யூஸ்ட் டு சிங்' என்றால் முன்பு பாடினேன், இப்போது இல்லை. அந்த 'இப்போது இல்லை' எழுதப்படாமலே கேட்கும்.

மாணவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் அடுத்தது. 'வுட்' என்ற சொல்லும் பழைய வழக்கத்தைச் சொல்லும். எதிர்காலத்தோடு உறவுடைய சொல் எப்படிப் பழையதைச் சொல்லும் என்று கேட்பார்கள். நான் தமிழையே காட்டுவேன். 'சின்ன வயதில் தினமும் ஏரியில் குளிப்போம், அப்பா கரையில் நிற்பார்.' குளிப்போம், நிற்பார் – வடிவம் எதிர்காலம், சொல்வது முடிந்துபோன வழக்கம். நாம் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதற்காகவே இந்தப் பாடத்தை நான் விரும்பி நடத்துவேன்.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட அகலம். 'அந்தக் காலத்தில் வாசலில் எப்போதும் ஒரு பெஞ்சு இருக்கும்' என்று நாம் நிலையையும் அதே வடிவில் சொல்வோம். ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் வுட். ஒரு பொருள் இருந்தது, ஒருவரிடம் சைக்கிள் இருந்தது, ஓர் ஊரில் வாழ்ந்தோம் என்ற நிலைகளுக்கு யூஸ்ட் டு மட்டும்.

அகவல், உங்கள் அறிக்கைக்கு ஒன்று. 'ஹி யூஸ்ட் டு பி செக்ரட்டரி ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்று எங்காவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை முறை என்று கணக்குச் சொன்னால் யூஸ்ட் டு வராது, வெறும் 'வாஸ்' போதும். அப்புறம் 'டிட் நாட்' வந்தால் எழுத்தில் 'யூஸ் டு' தான், கடைசி 'டி' போய்விடும். உச்சரிப்பில் வேறுபாடு தெரியாததால் ஆங்கிலேயர்களும் இதில் பிழை விடுவார்கள்.

அகவல்:
அந்த வாக்கியம் அப்படியே இருந்தது அக்கா. ஆண்டுக் கணக்கு உட்பட. எடுத்துவிட்டேன்.

கடலோடி:
ஒரு சின்னக் கேள்வி. 'முன்னாள்' ஒன்றை வைத்தே நாம் ஓட்டுகிறோம் என்று முதலில் அகவல் எழுதினார். தமிழில் இந்த வேறுபாடுகள் இல்லையா?

பிழைதிருத்தி:
இருக்கின்றன, நாம்தான் எடுப்பதில்லை. முன்னாள், மேனாள், முந்தைய, அப்போதைய, ஓய்வுபெற்ற, மறைந்த, காலஞ்சென்ற, வழக்கொழிந்த, பண்டைய. இவற்றில் 'மேனாள்' எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமான சொல். மேல் நாள் என்பதுதான், முன்னாளுக்கும் அதற்கும் தகவலில் வேறுபாடு இல்லை. ஆனால் மேனாள் துணைவேந்தர், மேனாள் தலைவர் என்று எழுதும்போது விலகியவரை இறக்கிவிடாத ஒரு பணிவு வந்துவிடுகிறது. ஆங்கிலம் 'ஓல்ட் டீச்சர்' என்று சொல்லிவிட்டு வயதானவரா முன்பு பாடம் நடத்தியவரா என்று தெளிவுபடுத்தாமல் நிற்கும். நமக்குப் பழைய ஆசிரியர் வேறு, வயதான ஆசிரியர் வேறு.

அகவல்:
பத்தியைத் திருத்திவிட்டேன். 'அவர் ஃபார்மர் செக்ரட்டரி, ஹூ வாஸ் இன் ஆஃபிஸ் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்று போகிறது (முதல் சொல் 'எங்கள்' என்ற பொருளில்). தமிழ்ப் பக்கத்தில் 'மேனாள் செயலாளர்' என்று போட்டேன். அச்சுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுத் தமிழ்ப் பக்கத்தை அவரே சத்தமாகப் படித்தார். அந்த அம்மா காபி போட உள்ளே போனார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மருதம்:
நல்லது செய்தீர்கள். அந்தப் பக்கத்தில் படம் ஏதாவது இருக்கிறதா? அவர் பதவியில் இருந்த காலத்துப் படம் என்றால் அடிக்குறிப்பில் முன்னாள் வரக் கூடாது.

அகவல்:
இருக்கிறது! அவர் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் படம். 'ஃபார்மர் செக்ரட்டரி' என்றுதான் போட்டிருக்கிறேன். இப்போதே அச்சகத்துக்குப் போன் செய்கிறேன். 'தென் செக்ரட்டரி', சரிதானே?

மருதம்:
சரி. தமிழில் 'அப்போதைய செயலாளர்'.